வீட்டுப் பூனையால் தும்மலா? எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் கொடுப்பது

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, இருபது முப்பது முறை தும்மிய பிறகுதான் என்னால் அடுப்படிக்குப் போக முடியும். ஒன்றரை ஆண்டு இப்படியே போனது. தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். துணித் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் கடையில். மார்கழிப் பனி என்றார் என் அத்தை. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு ஈசினோபீலியா என்றார் மருந்துக்கடைக்காரர். ஆளுக்கொரு காரணம், ஆளுக்கொரு மாத்திரை. காரிமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், கேழ்வரகு மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கும் பூனையை முதலில் யாரும் நினைக்கவே இல்லை.

இன்று நான் தும்மாமல் எழுந்திருக்கிறேன். பூனையும் வீட்டில்தான் இருக்கிறது. இந்த நிலைக்கு வர எனக்கு 15,000 ரூபாய்க்கு மேல் செலவானது. சரியான வரிசையில் செய்திருந்தால் அதில் பாதி கூட ஆகியிருக்காது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு உடனே பயன்படும்படி எழுத முயன்றிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்குவதால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.

1. எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பூனை முடிதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறோம். முடி வெறும் வண்டி. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம்தான் நம்மைப் படுத்துகிறது. அதற்கு ஃபெல் டி 1 என்று பெயர். பூனை தன் உடம்பை நக்கி நக்கிச் சுத்தம் செய்யும்போது அந்தப் புரதம் முடியெங்கும் பூசப்படுகிறது. காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத செதில்களோடு உதிர்ந்து காற்றில் மணிக்கணக்கில் மிதக்கிறது. சுவர், தலையணை, புடவை என்று எதிலும் ஒட்டிக்கொள்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு செலவுகள் மிச்சம். ஒன்று, பூனைக்கு முடி வெட்டிவிடும் செலவு. மற்றொன்று, 'ஒவ்வாமை தராத ஜாதிப் பூனை' என்று சொல்லி விற்பவர்களிடம் கொடுக்கும் பணம். முடி குறைந்த பூனைக்கும் எச்சில் உண்டு, தோல் உண்டு. அந்தப் புரதம் அறவே இல்லாத பூனை இனம் எதுவும் இல்லை.

2. இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. செலவு, பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம். நான் இதைக் கடைசியில் செய்தேன்; முதலில் செய்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குத் தும்மல் அல்லது இருமல் தொடங்கியது, அப்போது எந்த அறையில் இருந்தீர்கள், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன செய்தீர்கள், என்ன மாத்திரை எடுத்தீர்கள். அவ்வளவுதான். என் நோட்டில் பதினான்கு நாட்களில் பதின்மூன்று நாள் தும்மல் விடியற்காலையில், படுக்கையறையில் தொடங்கியிருந்தது. கடையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பகல் நேரங்களில் ஒன்றோ இரண்டோதான். கடை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுதும். துணித் தூசி என்ற பேச்சு அந்த ஒரு பக்கத்தோடு முடிந்தது. பகலில் யாரும் இல்லாத நேரத்தில் பூனை என் தலையணையில்தான் படுத்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உறையைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தபோது, தலை வைக்கும் இடத்தில் சாம்பல் நிற முடி வட்டமாகப் படிந்திருந்தது. சரியாக ஒரு பூனை சுருண்டு படுக்கும் அளவு வட்டம்.

சாதாரணச் சளியிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி, அரிப்பு. கண், மூக்கு, மேல் அண்ணம், காது உள்ளே அரிக்கிறதா? மூக்கிலிருந்து வருவது தண்ணீர் போல் இருக்கிறதா? காய்ச்சல் இல்லாமல் வாரக்கணக்கில் நீடிக்கிறதா? அப்படியானால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். சளிக்காய்ச்சல் என்றால் உடம்பு வலியும் சூடும் இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். பூனை நக்கிய இடத்திலோ பிறாண்டிய இடத்திலோ கொசுக்கடி போலத் தடிப்பு எழும்புவதும் ஓர் அடையாளம். குழந்தைகள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், கண்ணுக்குக் கீழே கருவளையம் விழும், இரவில் வாயால் மூச்சு விடுவார்கள்.

பூனையை மட்டும் குற்றவாளியாக்கிவிடவும் கூடாது. நம் பக்கத்தில் தும்மலுக்குக் காரணங்கள் நிறைய. சாலையோரம் முழுக்கப் பார்த்தீனியம். அறுவடை முடிந்தால் களத்துத் தூசி. பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் புழுவும் அந்துப்பூச்சியும் உதிர்க்கும் செதில்கள். எல்லா வீட்டிலும் பழைய பஞ்சு மெத்தையில் குடியிருக்கும் தூசிப் பூச்சிகள். இவற்றையும் நோட்டில் குறியுங்கள். எனக்கே பரிசோதனையில் பூனை, தூசிப் பூச்சி இரண்டும் வந்தன.

3. பூனையை நாடு கடத்திச் சோதிக்காதீர்கள்

எங்கள் வீட்டில் ஓர் ஆண்டு வீணானது இதனால்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் கணவருக்குப் பூனை மேல் சந்தேகம் வந்ததும், அதைச் சாக்குப்பையில் போட்டுப் பாலக்கோட்டில் இருக்கும் அவருடைய சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தோம். தும்மல் துளியும் குறையவில்லை. அதற்குள் எலிகள் இரண்டு மூட்டைக் கேழ்வரகைக் கொறித்துச் சிதறடித்துவிட்டன. "வாயில்லாத ஜீவனைப் பழித்தீர்களே" என்று அத்தை கண் கலங்கினார். பூனை திரும்பி வந்தது. பூனை காரணம் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம்.

முடிவு தவறு. பூனை போன பிறகும் அது விட்டுச் சென்ற புரதம் மெத்தையிலும் சுவரிலும் திரையிலும் அப்படியே இருக்கிறது. அது பூனை இல்லாத வீட்டின் அளவுக்குக் குறைய நான்கு முதல் ஆறு மாதங்கள், சில வீடுகளில் அதற்கு மேலும் ஆகும். மூன்று வாரத்தில் எதுவும் தெரியாது.

சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் பூனையை அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள். பூனையே வளர்க்காத உறவினர் வீட்டில் ஒரு வாரம், பத்து நாள் தங்குங்கள். துவைத்து, பூனை அண்டாத பெட்டியில் வைத்த துணிகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் போர்வை, தலையணை வேண்டாம். ஓசூரில் அம்மா வீட்டில் ஒன்பது நாள் இருந்தேன். நான்காம் நாளிலிருந்து மூக்கு திறந்தது. வீட்டுக்குத் திரும்பிய அன்று இரவே பழையபடி ஆனது. இதை நோட்டில் தேதியோடு எழுதி வைத்தேன். மருத்துவர் முதலில் படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.

கோபத்தில் பூனையைச் சந்தையிலோ பஸ் நிலையத்திலோ கொண்டுபோய் விடுபவர்கள் உண்டு. பாவம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நோயும் அதனால் உடனே தீராது.

4. எந்த மருத்துவர், என்னென்ன காகிதங்கள்

தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு மட்டும் என்றால் காது மூக்கு தொண்டைப் பிரிவு. இருமல், இளைப்பு, நெஞ்சில் விசில் சத்தம் இருந்தால் நெஞ்சக நோய்ப் பிரிவு. தோலில் தடிப்பு மட்டும் என்றால் தோல் பிரிவு. இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் நெஞ்சகப் பிரிவிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் ஆஸ்துமா இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இரண்டிலும் புற நோயாளிச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. காலை நேரம்தான் கணக்கு. எட்டு மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். பத்து மணிக்குப் போனால் மருத்துவரைப் பார்ப்பதற்குள் ஆய்வகம் மாதிரி எடுப்பதை நிறுத்திவிடலாம், மறுநாள் மீண்டும் வர வேண்டியிருக்கும். ஒரு நாள் கூலி போகும். திங்கட்கிழமையைத் தவிர்த்தால் கூட்டம் சற்றுக் குறையும்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள், எக்ஸ்ரே, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகள், அந்த நோட்டு. மாத்திரை அட்டையை அலட்சியமாக நினைக்காதீர்கள். 'சிறிய வெள்ளை மாத்திரை' என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் காட்ட வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான். ஒவ்வாமைப் பரிசோதனைக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று சொன்னால் சளிப் பரிசோதனைக்கு எழுதித் தருவார்கள். காசநோயா என்று பார்ப்பதற்காக. என் முன்னால் நின்ற பெண் அந்தச் சீட்டைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் அது இலவசம். இல்லை என்று வந்தால் ஒரு சந்தேகம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. பரிசோதனைகள்: எது வேண்டும், எது வேண்டாம்

ஈசினோபில் என்ற இரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும், ஒவ்வாமையில் உடம்பு உண்டாக்கும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருளின் மொத்த அளவும் கூடுதலாக இருந்தால் அதுவே பூனை ஒவ்வாமைக்குச் சான்று ஆகாது. வயிற்றுப் பூச்சி இருந்தாலும் இவை கூடும். இந்தத் தாளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவள் நான்.

பூனைதான் காரணமா என்று சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று, தோல் குத்துப் பரிசோதனை. மற்றொன்று, பூனைக்கு என்று தனியாகச் செய்யும் ஐஜிஇ இரத்தப் பரிசோதனை. இரண்டில் ஒன்று போதும்.

தோல் பரிசோதனையில் முன்கையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் சந்தேகப்படும் பொருளின் சாறு ஒரு சொட்டு வைத்து, சொட்டின் வழியே மெல்லிய முனையால் தோலை லேசாகக் கீறுகிறார்கள். இரத்தம் வராது. பதினைந்து, இருபது நிமிடம் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். எனக்குப் பூனைச் சொட்டு வைத்த இடம் ஐந்தாவது நிமிடமே சிவக்கத் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் நடுவில் வெளிறி, ஓரம் சிவந்து, புளியங்கொட்டை அளவுக்குத் தடித்து நின்றது. சொறிந்துவிடக் கூடாது என்று மறுகையால் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்பு நீர் வைத்த இடத்தைவிடத் தடிப்பு 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் ஒவ்வாமை உண்டு என்று கணக்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், குளோர்ஃபெனிரமின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் தடிப்பே எழும்பாது. சாதாரணச் சளி மாத்திரையிலும் இருமல் மருந்திலும் இவை கலந்திருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு 65 கிலோமீட்டர் பஸ்ஸில் சேலம் போய், கட்டணமும் கட்டிய பிறகு, "நேற்று மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நேரம் குறிக்கத் தொலைபேசியில் பேசும்போதே எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கும், உடம்பெல்லாம் தடிப்பு உள்ளவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை வசதி. அதற்கு எதையும் நிறுத்த வேண்டியதில்லை. 0.35 kU/L அளவுக்கு மேல் வந்தால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த எண்ணை நோட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எண் மட்டும் இருந்து தொந்தரவே இல்லை என்றால் வைத்தியம் தேவையில்லை.

எனக்குத் தோல் பரிசோதனைக்கு ஆனது 2,800 ரூபாய். பூனைக்கு மட்டும் தனி இரத்தப் பரிசோதனை என்றால் ஆயிரத்துச் சொச்சம் சொன்னார்கள். இடத்துக்கு இடம் மாறும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

'இருநூறு வகை ஒவ்வாமை ஒரே ரத்தத்தில்' என்று வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள். நான் 4,500 ரூபாய் கொடுத்தேன். கத்தரிக்காய், முட்டை, தேங்காய், கடலை எல்லாம் ஒத்துக்கொள்ளாது என்று வந்தது. மூன்று மாதம் முட்டையைத் தொடவில்லை. தும்மல் அப்படியே இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது ஐஜிஜி (IgG) என்ற வேறோர் எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை. நாம் ஓர் உணவைச் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்பதை அது காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. தாளில் ஐஜிஇ என்று இருக்கிறதா, ஐஜிஜி என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இந்தத் தாளைக் காட்டி முட்டையையும் பாலையும் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இளைப்பு இருந்தால் குழாயில் ஊதச் சொல்லும் நுரையீரல் பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு முறை ஊதி, மருந்தை உள்ளிழுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் ஊத வேண்டும். இரண்டாம் முறை நன்றாகக் கூடினால் ஆஸ்துமாவுக்கான அறிகுறி.

6. படுக்கையறையை மீட்டெடுங்கள்

மருந்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நம் மூக்கு தலையணையில்தான் இருக்கிறது.

பூனைக்குப் படுக்கையறை இனி இல்லை. பகலிலும் இல்லை. கதவு சாத்தியே இருக்க வேண்டும். ஓட்டு வீடானால் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் கம்பி வலை அடியுங்கள். எங்கள் பூனை அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. முதல் நாளே தலையணையை மாற்றுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தையைத் துவைக்க முடியாது, வெயிலில் போட்டாலும் அந்தப் புரதம் சாகாது. முடிந்தால் அதை அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். நான் கோரைப்பாய்க்கு மாறினேன். தினமும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மெத்தை வேண்டும் என்றால் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை போடுங்கள். விரிப்பு, போர்வை, உறை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். தூசிப் பூச்சியும் இருப்பவர்களுக்கு இந்த வெந்நீர் மிக முக்கியம்.

துடைப்பத்தால் பெருக்கினால் படிந்திருப்பது எல்லாம் கிளம்பி மறுபடியும் மூக்குக்கு வரும். ஈரத்துணியால் துடையுங்கள். ஒவ்வாமை உள்ளவரைத் தவிர வேறு யாராவது துடைத்தால் நல்லது. ஆளில்லை என்றால் முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். சுவரையும் ஒரு முறை துடைத்துவிடுங்கள், முக்கியமாகப் பூனை உரசிக்கொண்டு நடக்கும் முழங்கால் உயரம் வரை. என் அறையில் அந்த உயரத்தில் சுண்ணாம்பு மேல் மங்கலான ஒரு கோடு ஓடியது. ஈரத்துணி வைத்ததும் பழுப்பாக வந்தது.

கேழ்வரகு மூட்டைகளை என்ன செய்வது? எலிக்காகத்தான் பூனை, பூனை வீட்டுக்குள் இருப்பதே மூட்டைக்காகத்தான். இந்த முடிச்சை அவிழ்க்காமல் அத்தையிடம் பூனையை வெளியே வை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1,600 ரூபாய்க்கு ஒன்றாக, மூடி போட்ட இரண்டு தகர டிரம் வாங்கித் தானியத்தை அதில் கொட்டினோம். எலிக்கு வீட்டுக்குள் வேலை இல்லை. பூனை திண்ணைக்கும் தொழுவத்துக்கும் தானாக நகர்ந்தது. அத்தை தன் பழைய சேலையை மடித்துத் திண்ணை மூலையில் அதற்கென்று போட்டு வைத்தார். இந்த 3,200 ரூபாய்தான் நான் செய்ததிலேயே உருப்படியான செலவு.

காற்றைச் சுத்தம் செய்யும் ஹெப்பா வடிகட்டி இயந்திரம் 8,000 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். மிதக்கும் துகள்களை அது பிடிக்கும். மெத்தையிலும் சுவரிலும் ஒட்டியிருப்பதை எடுக்காது. இதுவரை சொன்னவற்றைச் செய்து முடித்த பிறகு, தேவைப்பட்டால் பார்க்கலாம்.

7. மருந்துகள்

மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேதான் நாள்பட்ட மூக்கடைப்புக்கு நன்றாக வேலை செய்கிறது. ஃபுளூட்டிகசோன், மோமெட்டசோன் என்ற பெயர்களில் கிடைக்கும். எனக்கு மாதம் 350 ரூபாய் ஆனது. இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். தினமும் அடிக்க வேண்டும்.

அடிக்கும் முறை தவறினால் பணம் தண்டம். தலையை அண்ணாந்து பார்க்காமல் சற்றே முன்னால் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக மூச்சிழுத்தபடி அழுத்துங்கள். உறிஞ்ச வேண்டாம். தொண்டையில் கசப்புத் தெரிந்தால் மருந்து மூக்கில் நிற்கவில்லை என்று பொருள். நடுத்தண்டில் அடித்து அடித்து எனக்கு ஒரு வாரம் மூக்கில் இரத்தம் கசிந்தது.

அதற்கு முன் உப்பு நீரால் மூக்கைக் கழுவினால் மருந்து நன்றாகப் படியும். ஒகேனக்கல் குடிநீராகவே இருந்தாலும் கொதிக்க வைத்து ஆற்றிய நீர் மட்டுமே. குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம்.

மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைக் கொண்டுவரும். செட்டிரிசினும் சிலருக்கு அப்படித்தான். இருசக்கர வாகனம், லாரி ஓட்டுகிறவர்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் கண் சொக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபெக்ஸோஃபெனடின் அவ்வளவு தூக்கம் தராது. ஆனால் அதைப் பழச்சாறுடன் விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீர்தான் சரி. மருந்துப் பெயரைச் சீட்டில் தெளிவாக எழுதி வாங்கினால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ இதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஆஸ்துமா உறுதியானால் இன்ஹேலர் தருவார்கள். 'இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது' என்று ஊரில் ஒரு பேச்சு. நம்பாதீர்கள். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். அடித்த பிறகு வாய் கொப்பளியுங்கள்.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தை, ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்றவற்றை, மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாது. போட்டால் சொட்டு இல்லாமல் மூக்கு திறக்காத நிலை வரும்.

'ஒரு ஊசி போட்டால் மூன்று மாதத்துக்குத் தும்மலே வராது' என்று போடுகிற ஊசி ஸ்டீராய்டு. உண்மைதான், தும்மல் நிற்கும். திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஊசி போடும் முன் பெயரைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மான்டிலூகாஸ்ட் கலந்த மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வந்தால் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். இதற்காக 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

8. ஒவ்வாமை ஊசி யாருக்கு?

இத்தனையும் செய்து அடங்காதவர்களுக்கு, பூனைப் புரதத்தையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை உண்டு. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். நான் எடுக்கவில்லை. எடுக்க நினைப்பவர்கள் சேலத்திலோ பெங்களூரிலோ இதற்கென உள்ள மருத்துவரிடம் போங்கள். முதலில் மாதத்துக்கு எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்க வேண்டும், திடீரென மூச்சுத் திணறல் வந்தால் பார்த்துக்கொள்வதற்காக. குப்பியை வாங்கி வந்து ஊரில் யாரிடமாவது போட்டுக்கொள்ளக் கூடாது. கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது.

9. பூனைக்குச் செய்ய வேண்டியவை

குளிப்பாட்டினால் புரதம் குறையும். இரண்டொரு நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். நீங்கள் பிறாண்டல் வாங்கியதுதான் மிச்சம். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் இந்தப் புரதம் அதிகம், செய்தால் குறைகிறது. கால்நடை மருத்துவமனையில் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியையும் அன்றே போட்டுவிடலாம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. முடி சீவுவதை ஒவ்வாமை இல்லாதவர், வீட்டுக்கு வெளியே செய்யட்டும். தடவிக் கொடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் முன் கண்ணைத் தொடாதீர்கள்.

பூனை கடித்தாலோ தோலில் கீறல் விழப் பிறாண்டினாலோ அது ஒவ்வாமைக் கணக்கில் வராது. பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். தோலில் போடும் வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம்: முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். இரத்தம் வந்த காயத்துக்கு இதோடு காயத்தைச் சுற்றிப் போடும் ஊசி ஒன்றும் உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டைத் தொலைக்காதீர்கள்.

10. பூனை உள்ள வீட்டுக்குப் போகும்போது

கல்யாணம், காது குத்து, திருவிழா என்று உறவுக்காரர் வீட்டில் தங்காமல் இருக்க முடியாது. போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மாத்திரையைப் போடுங்கள். தும்மத் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரை பின்னால் ஓட வேண்டியிருக்கும். ஸ்பிரே அடிக்கிறவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே விடாமல் அடியுங்கள். மெத்தை நாற்காலியை விட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருங்கள். சொந்தத் தலையணையும் விரிப்பும் எடுத்துப் போங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வீடு திரும்பியதும் படுக்கையறைக்குள் நுழையும் முன் தலைக்குக் குளித்து, உடுத்தியிருந்த துணியை நேராக வாளியில் நனைத்துவிடுங்கள்.